பொலன்னறுவைக்குப் போகுமுன்

கல்விச் சுற்றுலா என்ற சொல் பள்ளிக்கூடத்தில் ஒலிக்கத் தொடங்கியதும் வகுப்பறைகளின் முகமே மாறிவிடுகிறது. கணக்குப் பாடத்திற் கண்ணயரும் பையனும் அன்று கெட்டிக்காரக் கணக்கன் ஆகிவிடுவான். பஸ்ஸிலே எத்தனை ஆசனம், ஆளுக்கு எவ்வளவு பணம், ஜன்னலோரம் யாருக்கு என்று அவன் போடும் கணக்குகளில் ஒன்றேனும் பிசகாது. ஆசிரியர் அறையிலும் பேச்சு அதுவே. எத்தனை மணிக்குப் புறப்படுவது, காலை உணவு எங்கே, மத்தியானச் சோறு எங்கே, ஒரே நாளில் எத்தனை இடங்களைப் பார்த்து முடிக்கலாம் என்பன தீர்மானமானதும், திட்டம் நிறைவேறிற்று என்று கோவையை மூடிவிடுகிறோம். எதற்காகப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை.

பிறரைக் குறைகூறும் நோக்கத்தோடு இதனை எழுதவில்லை. கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நானே. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், மட்டக்களப்புப் பகுதிப் பாடசாலை ஒன்றிலிருந்து மாணாக்கரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு நாட்களில் அனுராதபுரம், மிகிந்தலை, தம்புள்ளை, சீகிரியா, பொலன்னறுவை என ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இறங்கினோம்; எண்ணினோம்; நடந்தோம்; மீண்டும் எண்ணினோம்; ஏறினோம். பிள்ளைகள் தொலைந்துவிடாமல் தலையெண்ணியதைத் தவிர அந்த இரண்டு நாளும் நான் வேறொன்றும் செய்யவில்லை.

திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னபோது அதன் பலன் தெரிந்தது. சோற்றுப் பொதியைப் பறித்துச் சென்ற குரங்கைப்பற்றி ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருந்தனர். பொலன்னறுவையைப்பற்றி ஒரு மாணவன் எழுதியவை இரண்டே வாக்கியங்கள்: "அங்கே பெரிய புத்தர் படுத்திருக்கிறார். கால் சுட்டது." அந்தக் கட்டுரையைத் திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். அவன் உண்மையைத்தான் எழுதியிருந்தான். பரீட்சையில் தவறியவன் ஆசிரியன்.

ஏன் இந்த நகரம்?

அதன் பின்னர் ஒரு பயணத்துக்கு ஒரே நகரம் என்று வரையறுத்துக்கொண்டேன். அந்நகரம் பொலன்னறுவை ஆனமைக்குக் காரணங்கள் உண்டு. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாக அது ஏறத்தாழ 100 கிலோமீற்றர். விடியுமுன் புறப்பட்டால் இருட்டும்போது வீடு திரும்பலாம். மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடந்துவிட்டாற் பயணத்தின் பெரும்பகுதி முடிந்தது.

இத்துணை அண்மையில் இருந்தும், எங்கள் பகுதியில் ஒரு தலைமுறை அந்நகரைப் பாடநூற் படத்திலே மட்டும் கண்டது. 2009 ஆம் ஆண்டிற் போர் முடியும்வரை, அந்த வீதியிலே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செல்ல எந்தப் பெற்றோர் மனம் ஒப்பியிருப்பர்? பார்த்திராத நகரத்தைப்பற்றி, பார்த்திராத பிள்ளைகளுக்கு, பார்த்திராத ஆசிரியர்கள் படிப்பித்தோம். சோழர் வந்தனர், ஆண்டனர், துரத்தப்பட்டனர் என்ற மூன்று வினைமுற்றுக்களோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அந்த நகரம் தங்களுக்கு உரியதன்று என்ற எண்ணம், எவரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகளின் மனத்திற் பதிந்துவிட்டது. அவ்வெண்ணத்தை மேடைப் பேச்சினால் மாற்ற முடியாது. அங்கே கொண்டுசென்று நிறுத்தி, கண்ணாற் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளச் செய்வதே வழி.

வகுப்பறையில் ஒரு மாதம்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே பயணம் தொடங்கிவிட வேண்டும். முதல் வாரத்தில் நான்கு ஆண்டுகளைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி அழியாமல் வைத்தேன். 993 – முதலாம் இராசராசனின் படை வென்று, அனுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைத் தலைநகர் ஆக்கிய காலம். அந்நகருக்குச் சோழர் ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். 1070 – முதலாம் விசயபாகு சோழராட்சியை அகற்றிய ஆண்டு. 1153 – முதலாம் பராக்கிரமபாகு அரியணை ஏறிய ஆண்டு. 1215 – கலிங்க மாகனின் படையெடுப்பு. அதன்பின் நகரம் படிப்படியாகத் தாழ்ந்தது. இந்த நான்கு முளைகளை அடித்துவிட்டால், அங்கே காணும் எந்தக் கட்டடத்தையும் அவற்றுள் ஏதோ ஒன்றின் அருகே கொண்டுவந்து கட்டலாம். இதற்குமேல் ஆண்டுகளை மனனம் செய்யும்படி எவரையும் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் வாரத்தில் வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வி கொடுத்தேன். இத்தனை பேருக்குச் சோறும் தண்ணீரும் எங்கிருந்து கிடைத்தன என்பது நீர்க்குழுவின் கேள்வி. யார், எந்த மொழியில், எதற்காக எழுதி வைத்தனர் என்பது எழுத்துக்குழுவின் கேள்வி. இதைக் கட்டியவர் இவர்தாம் என்று எப்படித் துணிவது என்பது கட்டடக்குழுவின் கேள்வி. அரசனல்லாதவர்கள் இந்நகரத்தில் எங்கே இருக்கின்றனர் என்பது நான்காவது குழுவின் கேள்வி. கேள்வியோடு போகிறவன் கண் வேறு. வெறுங்கையோடு போகிறவன் கண் வேறு. சந்தைக்குப் போகிறவனுக்கும் சந்தையைக் கடந்து போகிறவனுக்கும் உள்ள வேறுபாடு அது.

எழுத்துக்குழுவினர்க்கு மட்டும் மேலும் ஒரு வேலை இருந்தது. 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துக்களின் அட்டவணை ஒன்றை எழுதிக்கொடுத்து, நாள்தோறும் பத்து நிமிடம் பழகச் செய்தேன். அக்காலக் கல்லெழுத்தில் மெய்யெழுத்தின் தலையிற் புள்ளியைப் பெரும்பாலும் காண முடியாது. வடசொற்கள் வருமிடத்துக் கிரந்த எழுத்துக்கள் கலந்து நிற்கும். புள்ளி இல்லாத தமிழை வாசிப்பது எப்படி என்று பிள்ளைகள் திகைத்தனர். பின்னர் அதுவே விளையாட்டாகிவிட்டது. கையெழுத்துச் சஞ்சிகையின் ஓர் இதழையே புள்ளியின்றி எழுதி, அதிபரையும் வாசிக்கத் திணற வைத்தனர்.

பணமும் பெயர்ப்பட்டியலும்

இனிச் சொல்லப்போவது சரித்திரமன்று. ஆயினும் திட்டத்தின் உயிர்நிலை இதுவே.

அந்த முதலாவது சுற்றுலாவுக்கு முதல்நாள், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். நான் நம்பினேன். பல மாதங்கள் கழிந்தபின் அவளுடைய தாயார் வேறேதோ அலுவலாக வந்தபோது, "காசு கட்ட ஏலாமற் போச்சு சேர், பிள்ளைக்குச் சொல்ல வெக்கம்" என்றார். பணம் கட்டியவர் பெயரை நான்தான் நாள்தோறும் வகுப்பில் உரத்து வாசித்தேன். கட்டாதவர் பெயர் எதுவென்று அந்தப் பட்டியலே ஊருக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே இம்முறை பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படவில்லை. தவணைத் தொடக்கத்திலே ஒரு தகர உண்டியலை வைத்தோம். யார் எவ்வளவு போட்டனர் என்பது எவருக்கும் தெரியாது. பழைய மாணவர் சிலரும் வந்து போட்டனர். சோற்றை வீட்டுக்கு வீடு தனித்தனியே கட்டாமல், பெற்றோர் சிலர் ஒன்றுகூடிப் பாடசாலையிலேயே சமைத்து ஒரே அளவிற் பொதி செய்தனர். ஒருவன் பொதியில் இறைச்சியும் மற்றவன் பொதியிற் சம்பலும் இருந்தாற் சரித்திரப் பாடம் சாப்பாட்டு வேளையோடு முடிந்துவிடும். வகுப்பிற் பெயர் உள்ள எல்லாரும் போவது, அல்லது எவரும் போகாதிருப்பது என்பதே நாங்கள் முதலில் எழுதிக்கொண்ட விதி.

ஏனைய ஏற்பாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாரிகாலத்தில் எங்கள் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். ஆதலால் இரண்டாந் தவணையே ஏற்றது. ஆனால் அது கச்சான் காற்றும் கடுவெயிலுமான காலம். புனித இடங்களிற் பாதரட்சையையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பின் கல்தளம் அடுப்புப்போற் காயும். தடித்த காலுறை ஒரு சோடி கட்டாயம் என்று பெற்றோர்க்கு எழுதினோம். தோளும் முழங்காலும் மூடிய வெள்ளுடை, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெண்பிள்ளைகளுக்குத் துணையாக இரண்டு ஆசிரியைகள் என்பன அடுத்த ஏற்பாடுகள். கழிப்பிட வசதி எங்கெங்கே உண்டென்று முன்கூட்டியே ஓர் ஆசிரியர் சென்று பார்த்து வந்தார். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதையும், அது பிறர் வழிபடும் இடம் என்பதையும் வகுப்பிலேயே பேசிக்கொண்டோம். மாலையில் அப்பக்கத்து வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு. எனவே நாலரை மணிக்குப் பஸ் புறப்பட்டுவிட வேண்டும்.

அன்றைய நாள்

காலைச் சாப்பாட்டைப் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டிலே வைத்துக்கொண்டோம். ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமான அந்த அணையின் மேலிருந்து பார்த்தால், ஒரு புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர். மறுபுறம் வாய்க்காலும் வயலும். அம்பன் கங்கையிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீர் இங்கே தேங்கிப் பயிருக்குப் பாய்கிறது. இந்த நூற்றாண்டிலும் அதே நீரில் நெல் விளைகிறது. நீர்க்குழுவின் கேள்விக்குப் பாதி விடை இடியப்பம் முடியுமுன்னரே கிடைத்துவிட்டது. பிள்ளைகளிற் பலர் விவசாயக் குடும்பத்தினர். மதகு எது, வான் எது என்று அவர்கள் எனக்கே காட்டித் தந்தனர்.

குளத்தை அடுத்து நிசங்கமல்லனின் மந்திராலோசனை மண்டபத் தூண்கள் நிற்கின்றன. அவன் 1187 முதல் 1196 வரை ஆண்டவன். அரசனின் அவையில் யார் எந்தத் தூணருகே அமர வேண்டும் என்பது அத்தூண்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இளவரசன், சேனாபதிகள், அதிகாரிகள் என்ற வரிசையில் வணிகர்க்கும் இடம் உண்டு. அரசனல்லாதாரைத் தேடிய குழு தன் குறிப்புப் புத்தகத்தில் முதல் வரியை அங்கே எழுதிற்று.

அதன்பின் நூதனசாலை. இடிபாடுகளைப் பார்க்குமுன் இங்கே வருவதே முறை. வட்டதாகே போன்ற கட்டடங்கள் மரக்கூரையோடு விளங்கியபோது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சிறு மாதிரியுருக்கள் காட்டுகின்றன. கூரையை மனத்தில் ஏற்றிக்கொண்டு போனால், வெறுந் தூண்கள் வெறுந் தூண்களாகத் தோன்றா. ஆளாகனப் பிரிவேனா வைத்தியசாலையில் அகழ்ந்தெடுத்த சத்திரசிகிச்சைக் கருவிகளையும் இங்கே கண்டோம். கத்தரிக்கோல் ஒன்றைக் கண்ட மாணவி, "இது எங்கட வீட்டிலயும் இருக்கு" என்றாள். அத்தனை நூற்றாண்டுகளும் ஒரு கணம் குறுகிப்போயின.

தலதா மளுவை எனப்படும் நாற்சதுர வளவுக்குட் புகுந்தபோது மணி பத்து. கல்பொத்த என்னும் கற்புத்தகம் அங்கேதான் கிடக்கிறது. எட்டு மீற்றருக்கு மேல் நீளமான அந்த ஒற்றைக் கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிசங்கமல்லன் தன் வீரத்தையும் கொடையையும் அதில் விரிவாகப் பொறித்துவைத்தான். "தன்னைப்பற்றித் தானே எழுதினதை நாங்கள் நம்பலாமோ, சேர்?" என்றான் ஒருவன். நான் விடை சொல்லவில்லை. அருகிலிருந்த வட்டதாகேயைக் காட்டினேன். அதைத் தானே கட்டியதாக நிசங்கமல்லனின் சாசனம் உரிமை கொண்டாடுகிறது. சூளவம்சமோ அந்தப் புகழைப் பராக்கிரமபாகுவுக்குக் கொடுக்கிறது. எதை நம்புவது, ஏன் நம்புவது என்று கட்டடக்குழு ஒரு தூணின் நிழலில் இருந்து வாதாடியது. முதலில் ஒருவன் கட்ட, பின்னர் மற்றவன் புதுக்கியிருக்கலாம் என்று ஒரு சிறுமி சொன்னாள். ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் கருத்தும் ஏறத்தாழ அதுவே என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேளைக்காரர் கல்

எழுத்துக்குழு பொறுமையிழந்து நின்றது. அவர்களை அட்டதாகேயின் பக்கத்திலே நிற்கும் தமிழ்க் கல்வெட்டின் முன் கொண்டுசென்றேன். இதுவே வேளைக்காரர் சாசனம்; 12 ஆம் நூற்றாண்டுக்கு உரியது. வேளைக்காரர் என்போர் அரசனைக் காக்க உறுதிபூண்ட படையினர். விசயபாகு மன்னன் காலத்தில் எழுந்த தந்ததாது கோயிலைத் தங்கள் காவலில் ஏற்று, அதன் ஊர்களையும் உடைமைகளையும், அதனுட் புகலடைந்தோரையும், தமக்குக் கேடு நேரினும் காப்பதாக அவர்கள் உறுதி கூறுவதே சாசனத்தின் பொருள். அக்கோயிலுக்குத் தங்கள் பெயரையும் இணைத்து மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயரிட்டிருக்கின்றனர்.

இதே படையினர் விசயபாகு உயிரோடிருந்த காலத்தில், சோழர்மேற் செல்ல மறுத்துக் கிளர்ந்தெழுந்து, அவனது அரண்மனைக்குத் தீயிட்டவர்கள் என்றும் சூளவம்சம் சொல்கிறது. கிளர்ச்சி அடக்கப்பட்டது. பின்னொரு நாள் அப்படையிடமே புத்தரின் தந்ததாது ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் ஒரு பௌத்த தேரர். உறுதி எழுதப்பட்ட மொழி தமிழ். இதைக் கேட்ட பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. வந்தனர், ஆண்டனர், துரத்தப்பட்டனர் என்ற மூன்று வினைமுற்றுக்களுள் எதிலும் இந்தக் கல் அடங்கவில்லை.

கல்லைத் தொடாமல், ஒரு முழ தூரத்தில் இருந்தபடியே பார்த்து எழுதினர். அரைமணி நேரத்தில் அடையாளம் கண்டவை சில எழுத்துக்கள், இரண்டொரு சொற்கள். அவ்வளவே. ஆயினும் "வாசிக்க ஏலுது!" என்று ஒருவன் எழுப்பிய குரலில் வளவின் மறுபக்கத்தில் நின்ற வேறொரு பாடசாலைப் பிள்ளைகளும் ஓடி வந்தனர். அவர்கள் சிங்களப் பிள்ளைகள். கற்புத்தகத்தின் எழுத்துக்களை அவர்களில் ஒருத்தி எங்களுக்குக் காட்ட, எங்கள் பையன் இந்தக் கல்லிலிருந்த பகரத்தையும் னகரத்தையும் அவளுக்குக் காட்டினான். இது எந்த ஆசிரியரும் திட்டமிட்டதன்று. நேரம் மிச்சம் இருந்தமையால் நிகழ்ந்தது. ஐந்து இடங்களை ஓடிப் பார்க்கும் பயணத்தில் இதற்கு இடமிராது.

பிற்பகலில் மூன்று இடங்கள் மட்டும். சோழர் காலத்துக் கற்றளியான இரண்டாம் சிவ தேவாலயத்தை முதலிற் கண்டோம். இராசராசனின் தேவி பெயரால் வானவன்மாதேவி ஈசுவரம் என்று அது வழங்கியதை அங்கேயுள்ள தமிழ்ச் சாசனத்தால் அறிகிறோம். சோழராட்சி அகன்றபின்னும் அக்கோயில் இடிக்கப்படாமல் நிற்பது ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பிக் குறித்துக்கொண்டனர். அடுத்தது வைத்தியசாலையின் அடித்தளம். முற்றத்தைச் சுற்றிய சிற்றறைகளை அடியளந்து வரைபடம் கீறினர். வெயில் தாழ்ந்ததும் கல் விகாரை. ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான சயனத் திருவுருவின் தலையணையில், தலையின் பாரத்தால் ஏற்பட்டதுபோல ஒரு பள்ளத்தைச் சிற்பி செதுக்கியிருக்கிறான். அதைக் காணும்வரை எவரும் அசையக் கூடாது என்றேன். கண்டபின்னும் அவர்கள் அசையவில்லை.

திவங்க மண்டபம், ரங்கொத் விகாரை, பராக்கிரமபாகுவின் அரண்மனை, பொத்குல் விகாரை யாவற்றையும் விட்டுவிட்டோம். விட்டவற்றின் பட்டியலைப் பஸ்ஸில் வாசித்தபோது, "பிறகு நாங்களே வருவம்" என்றனர்.

திரும்பி வந்த பின்

மறுவாரம் நான்கு குழுக்களும் தத்தம் கேள்விகளுக்குக் கண்ட விடைகளைச் சுவரொட்டிகளாக எழுதி மண்டபத்தில் தொங்கவிட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் விடை கிடைக்காத கேள்விகளையும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அதிபர் அந்தக் கடைசிப் பகுதியையே நெடுநேரம் நின்று வாசித்தார்.

சில நாள் கழித்து எழுத்துக்குழுவைச் சேர்ந்த பையன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். தங்கள் ஊர்க் கோயிலின் கிணற்றடியில் எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது என்றும், அதன்மேல் நின்றுதான் எல்லாரும் கால் கழுவுகிறார்கள் என்றும் சொன்னான். அடுத்த சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் சைக்கிளிற் போனோம். பாசியை மெல்ல நீக்கிப் பார்த்தபோது அது பழைய சாசனம் அன்று. கிணறு கட்டுவித்த ஒருவருடைய உபயக் கல். பெயரிற் பாதியும் ஆண்டின் கடைசி இலக்கமும் தேய்ந்துவிட்டன. ஏமாந்துபோவார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளோ குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, யார், எந்த மொழியில், எதற்காக என்று வரிசையாக எழுதத் தொடங்கினர். பின்னர் கோயிற் தருமகர்த்தாவிடம் சென்று, கல்லைச் சுவரோரமாக நிமிர்த்தி நாட்டலாமா என்று கேட்டனர்.

இப்பொழுது அங்கே கால் கழுவுவதற்கு வேறு கல் போட்டிருக்கிறார்கள்.